முந்நூற்று நாற்பத்தேழு நாள்

மஞ்சக்குட்டை காப்பித் தோட்டத்திலிருந்து
மழைமானிப் பெட்டிகள் ஏழு திரும்பி வந்தன,
வாழைச்சருகு சுற்றி, ஏற்காடு பஸ்ஸில்.
"எல்லாம் ஒரே வாரத்துல செத்துப்போச்சு மேடம்,
மலர்க் கண்காட்சிக்கு முந்தி" என்றார் போனில் சவரிமுத்து.
இடி இறங்கியிருக்கும் என்றார்கள் ஆபீசில்.
எறும்பு என்றாள் பேக்கிங் ஜெயசித்ரா.

ஐந்து ரோட்டு மாடியில் மின்விசிறியை நிறுத்திவிட்டு
ஒவ்வொன்றாய்த் திருகு கழற்றினேன்.
ஒன்றில் எறும்பு இருந்தது, பாவம், காய்ந்து.
ஈயப்பற்று பளபளத்தது.
மின்தேக்கி எதுவும் உப்பவில்லை.
பாட்டரிகூட மூன்று புள்ளி நான்கு.
ஒரு நோயும் இல்லாத ஏழு பிணங்கள்.

பிறகு நினைவகத்தைப் படித்தேன்.
ஏழிலும் தேய்ந்திருந்தது ஒரே முகவரி.
அந்த முகவரியைக் கொடுத்தது நான்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை,
பெய்தாலும் பெய்யாவிட்டாலும்,
பழைய கணக்கை அழி, அதே கணக்கை
அதே இடத்தில் எழுது என்று ஒரு வரி;
ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம்
பஸ்ஸுக்கு நேரமாச்சென்று எழுதியது.
லட்சம் தடவை அழித்தெழுதலாம் என்று
சில்லு செய்தவன் தாளில் போட்டிருந்தான்.
நாளுக்கு இருநூற்று எண்பத்தெட்டு.
வகுத்தால் முந்நூற்று நாற்பத்தேழு நாள்.
ஜூன் ஐந்தில் மாட்டியது;
முதல் பெட்டி நின்றது மே பதினெட்டு.
பக்கத்தில் அறுபத்துமூன்று இடம்
யாரும் தொடாமல் கிடந்தன,
கல்யாண மண்டபத்தில் இருபது குழாய் இருக்க
எல்லாரும் ஒன்றிலேயே கைகழுவுகிற மாதிரி.

குழந்தைவேல் சார் கேட்டுவிட்டுச் சிரித்தார்.
"உத்தரவாதம் ஒரு வருஷம்.
பதினெட்டு நாள்தானேம்மா இடிக்குது?
ஐந்தை ஆறாக்கிடு."

கை தானாக வகுத்தது.
நானூற்றுப் பதினாறு நாள்.
ஓர் எண்ணை மாற்றினால் போதும்.
உத்தரவாதம் முடிந்து ஐம்பத்தொரு நாள் கழித்து
மலைமேல் ஏழு பெட்டி மறுபடி கண்ணை மூடும்,
அப்போது புதுசுக்கு ஆர்டர் வரும்.
சார் கெட்டவர் இல்லை.
ஒன்றாம் தேதி தவறாமல் சம்பளம் போடுகிறவர்.
அந்த ஆறு என் வாயில்
இரவு முழுக்கக் கல்லாய்க் கடிபட்டது.

மாற்றி எழுதினேன்.
மழை மாறாவிட்டால் எழுதாதே.
மாறினால், போன தடவை எழுதியதற்கு அடுத்த இடம்.
கடைசி வரை போய் முதலுக்குத் திரும்பு.
செத்த இடத்தைத் தாண்டு; அதைச் சோதிக்காதே, பாவம்.
பாட்டரி இறங்கும்போது
மிச்ச மூச்சில் கடைசி எண்ணைப் பதி.
மற்ற நேரமெல்லாம் தூங்கு.
துளி விழுந்தால் விழி.

ஓயாமல் பெய்தாலும் என்று கணக்குப் போட்டேன்:
அறுபது வருஷத்துக்கு இரண்டு மாசம் குறைவு.
பெட்டிக்கு அறுபதாம் கல்யாணம் தட்டிப்போகும்.
அதற்குள் ரப்பர் இற்றுவிடும்,
ஆன்டெனா துருவேறும்,
தோட்டமே ரிசார்ட் ஆகலாம்.
ஆகட்டும். அவை அவற்றின் சாவு.
என் வெள்ளிக்கிழமையால் ஒன்று சாகக்கூடாது.

"ஆறாக்கிட்டியா?"
"ஐந்தேதான் சார். பழைய பலகையே போதும்.
ஏழு ரப்பர் வளையம் வாங்கினேன், எண்பத்துநான்கு ரூபாய்."
அவர் பில்லை வாங்கிப் பார்த்தார்.
வெகுநேரம் பார்த்தார்.
பிறகு கையெழுத்துப் போட்டார், கோணலாக.

திங்கள் பிற்பகல் சவரிமுத்து மாட்டி முடித்தார்.
நான்கு மணிக்குத் திரையில் ஒரு பதிவு:
புள்ளி இரண்டு மில்லிமீட்டர்.
மேகம் ஒரு சொட்டு உதறிவிட்டு
வேறெங்கோ போயிருக்க வேண்டும்.

ஐந்து நிமிடம். பத்து. அரை மணி.
எழுத ஒன்றுமில்லை.
எழுதவில்லை.